பங்கு விலை ஊசலாடும்போது

ஒரு நிறுவனத்தின் பங்கு விலை ஒரே வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீழ்ந்துவிட்டால், அதனை வைத்திருப்போர் இரு அணிகளாகப் பிரிந்துவிடுவதை நாம் காண்கிறோம். ஓர் அணியினர் "எஞ்சியதையாவது காப்போம்" என்று கிடைத்த விலைக்கு விற்கின்றனர். மற்றோர் அணியினர் "இறங்கியது ஏறாமல் போகுமா?" என்று மேலும் வாங்குகின்றனர். இரு அணியினரும் ஒருவரையொருவர் அறிவிலிகள் என்று கருதிக்கொள்வர். ஆனால் இருவருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இருவருமே விலையைப் பார்க்கின்றனர், தொழிலைப் பார்ப்பதில்லை. இந்தக் குறை எவ்வளவு பெரிய இழப்பைத் தரக்கூடும் என்பதை உணர்த்த, இயந்திர வாடகைத் தொழிலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வாடகைத் தொழிலின் இயல்பு

வீடு கட்டியோர் அனைவரும் இத்தொழிலை ஓரளவு அறிவர். கலவை இயந்திரம், சென்ட்ரிங் பலகை, ஜாக்கி ஆகியவற்றை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. நாள் வாடகைக்கு எடுப்பர். இதனையே பெரிய அளவில், மண் அள்ளும் இயந்திரம், கிரேன், ஜெனரேட்டர், உயரத்தில் நின்று வேலை செய்வதற்கான தூக்குமேடை ஆகியவற்றைக் கொண்டு நடத்துவதே இயந்திர வாடகை நிறுவனங்களின் தொழில்.

இதில் முதலீடு முன்னதாகவே செய்யப்படுகிறது. அதன் பெரும்பகுதி கடன். இயந்திரம் வேலையில் இருந்தாலும் கொட்டகையில் நின்றாலும் வட்டியும் தேய்மானமும் ஊதியமும் நிற்பதில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். வாடகை வருவாய் 100 கோடி ரூபாய், செலவு 85 கோடி, லாபம் 15 கோடி என்று கொள்வோம். வருவாய் 10 விழுக்காடு குறைந்து 90 கோடியாகிறது. செலவை எவ்வளவு சுருக்கினாலும் 82 கோடிக்குக் கீழே கொண்டுவர இயலவில்லை. லாபம் 8 கோடியாகிவிடுகிறது. வருவாயில் பத்தில் ஒரு பங்கு குறைய, லாபம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. லாபத்தை வைத்தே பங்கின் விலை மதிக்கப்படுவதால், விலை இன்னும் வேகமாக ஆடுகிறது. ஆகவே இத்தொழிலில் விலை ஊசலாடுவது விபத்து அன்று, அதன் பிறவிக்குணம்.

திருமணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கடையிலும் ஆடி, மார்கழி மாதங்களில் அண்டாக்கள் அடுக்கிய இடத்திலேயே இருக்கும். அதற்காகக் கடையைப் பாதி விலைக்கு விற்க உரிமையாளர் முன்வருவதில்லை. தையில் முகூர்த்தம் வரும் என்பதை அவர் அறிவார். கட்டுமானத் தொழிலின் ஆடியும் தையும் எப்போது வரும் என்பது மட்டும் பஞ்சாங்கத்தில் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு நிறுவனத்தின் வரலாறு

நம் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொன்னால் அது பரிந்துரையாகவோ எச்சரிக்கையாகவோ கொள்ளப்படலாம். எனவே, உலகின் மிகப் பெரிய இயந்திர வாடகை நிறுவனமாகிய அமெரிக்காவின் யுனைடெட் ரென்டல்ஸை எடுத்துக்கொள்வோம். 1997இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் பங்கு அளவுக்கு முதலீட்டாளர்களின் மனத்திடத்தைச் சோதித்த பங்குகள் சிலவே.

2007 ஜூலையில், செர்பரஸ் என்னும் தனியார் முதலீட்டு நிறுவனம் ஒரு பங்குக்கு 34.50 டாலர் கொடுத்து இதனை முழுவதுமாக வாங்க உடன்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதால் பணம் உறுதி என்று பலர் நம்பினர். அமெரிக்காவில் கடன் நெருக்கடி முற்றிய நிலையில், அவ்வாண்டு நவம்பரில் செர்பரஸ் பின்வாங்கியது. ஒரே நாளில் பங்கின் விலை ஏறத்தாழ 30 விழுக்காடு சரிந்தது. வழக்கு டெலவேர் நீதிமன்றம் சென்றது. வாங்கியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது எனத் தீர்ப்பாயிற்று. நிறுவனத்துக்குக் கிடைத்தது 10 கோடி டாலர் இழப்பீடு மட்டுமே. அதன்பின் வந்த பொருளாதார வீழ்ச்சியில், 2009 மார்ச் மாதம் அப்பங்கு 4 டாலருக்கும் கீழே சென்றது. 2012ஆம் ஆண்டில்தான் பழைய 34.50 டாலரைத் தாண்டியது.

அந்த இடைக்காலத்தில் நிறுவனம் செய்தது என்ன? 2009இல் அதன் வருவாய் ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. உடனே புதிய இயந்திரம் வாங்கும் செலவைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. இத்தொழிலுக்கு உரிய ஒரு வசதி இது. தேவை குறையும்போது வாங்குவதை நிறுத்தலாம்; பழைய இயந்திரங்களை விற்கலாம். லாபக் கணக்கு மோசமாகத் தோன்றும் ஆண்டிலேயே கையில் ரொக்கம் சேரும். அதைக் கொண்டு கடனைக் குறைக்கலாம். விலைப்பலகையை மட்டும் நோக்கியவர்களின் கண்ணில் இது படவில்லை.

2018இல் நேர்மாறான காட்சி. அவ்வாண்டு வருவாய் 20 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. பிற நிறுவனங்களை வாங்கியதும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் ஆண்டுத் தொடக்கத்தில் 170 டாலர் அளவில் இருந்த பங்கு, ஆண்டு முடிவில் 100 டாலர் அளவுக்கு இறங்கியது. "தொழில் உச்சியைத் தொட்டுவிட்டது, இனி இறக்கமே" என்ற அச்சமே விலையைத் தள்ளியது. அந்த இறக்கம் அடுத்த ஆண்டு வரவில்லை.

2020இல் பெருந்தொற்று வந்தது. மார்ச் 23 அன்று நமது சென்செக்ஸ் ஒரே நாளில் சுமார் 13 விழுக்காடு வீழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யுனைடெட் ரென்டல்ஸ் பங்கும் ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் தன் மதிப்பில் பாதிக்கும் மேல் இழந்தது. ஆனால் அவ்வாண்டு முழுவதிலும் நிறுவனத்தின் வருவாய் குறைந்தது 9 விழுக்காடு அளவே. ஆண்டு முடிவில் பங்கு விலை 230 டாலரைத் தாண்டி, தொடக்கத்தில் இருந்ததைவிட உயர்ந்து நின்றது. மார்ச்சில் விற்றவர் இழந்ததை எந்தப் போட்டியாளரும் பறிக்கவில்லை. அவருடைய பதற்றமே பறித்தது.

"காத்திருந்தால் ஏறும்" என்பதும் விதி அன்று

இவ்வளவும் சொன்னபின், "ஆகவே எதையும் விற்காமல் காத்திருங்கள்" என்று முடிப்பதே பலரின் வழக்கம். நாம் அதற்கு உடன்படவில்லை. வென்றவரின் வரலாறு மட்டுமே எழுதப்படுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதே அமெரிக்காவில், அதே தொழிலில் இருந்த நெஃப் என்னும் நிறுவனம் கடன் சுமை தாளாமல் 2010இல் திவால் பாதுகாப்பை நாடியது. கடன் கொடுத்தோர் கைக்கு நிறுவனம் சென்றது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. உரிமையாளர்களின் பங்குதான் கரைந்தது. 2017இல் அந்த நெஃப்பை விலைக்கு வாங்கியது யுனைடெட் ரென்டல்ஸ். இரு நிறுவனங்களும் சந்தித்த புயல் ஒன்றே. ஒன்று பிழைத்தது, மற்றொன்று கைமாறியது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான பாடம் உண்டு. காற்றாலை மின்சாரத்துக்கு அரசு நிர்ணயித்த விலை என்பது போய், 2017 பிப்ரவரியில் ஏலமுறை வந்தது. முதல் ஏலத்திலேயே விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாயாக இறங்கியது. அவ்வாண்டு இறுதிக்குள் 2.43 ரூபாய் வரை சென்றது. 2016-17இல் 5,000 மெகாவாட்டுக்கு மேல் புதிய காற்றாலைகள் நிறுவப்பட்டன. அடுத்த நிதியாண்டில் அது 2,000 மெகாவாட்டுக்கும் கீழே வந்தது. காற்றாலையின் இறக்கைகளையும் கோபுரங்களையும் தூக்கி நிறுத்தும் பெரிய கிரேன்களை வாடகைக்கு விடுவோர் என்ன ஆயினர் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. விதி மாறியது, கிரேன் நின்றது. ஒரே துறையை நம்பியிருந்தவர் மிகுதியாகவும், உருக்காலை, சுத்திகரிப்பு ஆலை, மெட்ரோ எனப் பல துறைகளுக்கு வாடகைக்கு விட்டவர் குறைவாகவும் பாதிப்புறுவது இயல்பே.

நமது மனத்தின் கணக்கு

முதலீட்டாளர் நடத்தை குறித்து செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை பட்டியலிடப்பட்ட 144 புதிய பங்கு வெளியீடுகளை அது ஆராய்ந்தது. 20 விழுக்காட்டுக்கு மேல் லாபம் தந்த பங்குகளில், தனிநபர் முதலீட்டாளர்கள் மதிப்பின்படி 67.6 விழுக்காட்டை ஒரே வாரத்தில் விற்றுவிட்டனர். நட்டம் காட்டிய பங்குகளில் அவ்வாறு விற்றது 23.3 விழுக்காடு மட்டுமே. லாபத்தைக் கையில் பிடிக்க அவசரப்படுகிறோம்; நட்டத்தை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். வாங்கிய விலை நமது நினைவில் கல்வெட்டாகிவிடுகிறது. ஆனால் நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது நிறுவனத்துக்கும் தெரியாது, சந்தைக்கும் தெரியாது. "இன்று என் கையில் பணம் இருந்தால் இந்தப் பங்கை இந்த விலைக்கு வாங்குவேனா?" என்பதே கேட்கத்தக்க கேள்வி.

கடன் கொடுப்பவர் கேட்கும் கேள்விகள்

அக்கேள்விக்கு விடை காண, வங்கியின் அனுபவத்திலிருந்து ஒரு வழியைச் சொல்ல விரும்புகிறோம். ஓர் இயந்திர வாடகை நிறுவனம் கடன் கேட்டு வரும்போது, கடன் அலுவலர் அதன் பங்கு விலையை முதலில் பார்ப்பதில்லை. இயந்திரங்களில் எத்தனை விழுக்காடு வேலையில் உள்ளன? அதே இயந்திரத்துக்குச் சென்ற ஆண்டு கிடைத்த வாடகை இவ்வாண்டும் கிடைக்கிறதா? கடன் எவ்வளவு, எப்போது திருப்பித் தரவேண்டும்? இயந்திரங்களின் வயது என்ன? வாடகை பாக்கி எத்தனை மாதங்களாக நிற்கிறது? ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கிறதா? இவையே அவர் கேட்பன.

பங்கு வாங்குவோரும் இவற்றையே கேட்கலாம். விடைகள் ரகசியம் அல்ல. ஆண்டறிக்கை, காலாண்டு முடிவுகள் ஆகியவை பங்குச் சந்தைகளின் தளங்களில் உள்ளன. க்ரிசில், இக்ரா, கேர் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் தாம் மதிப்பிட்ட கடன்கள் குறித்து வெளியிடும் விளக்கக் குறிப்புகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். விலை வீழ்ந்து, இந்த விடைகள் மாறாதிருந்தால், விற்பதற்குக் காரணம் அச்சம் மட்டுமே. விலை வீழாமலே இந்த விடைகள் கெட்டுவந்தால், விலை உயர்வாக இருக்கும்போதே வெளியேறுவது அறிவுடைமை. வேலையில் உள்ள இயந்திரங்கள் குறைந்து, வாடகையும் இறங்கி, கடனைத் திருப்பும் நாளும் நெருங்கிவிட்டால், "நீண்டகால முதலீடு" என்ற சொல் எவரையும் காக்காது.

இவற்றைப் படிக்க நேரமில்லை என்போர் உண்டு; அது நியாயமே. அவர்களுக்குத் தனி நிறுவனப் பங்கு பொருந்தாது. இத்தகைய ஊசல் தொழிலின் பங்கு சிறிதும் பொருந்தாது. பல நிறுவனங்களில் பரவிய பரஸ்பர நிதியில் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துவது அவர்களுக்கு ஏற்றது.

நாள் குறித்த பணம்

இறுதியாக, யுனைடெட் ரென்டல்ஸ் கதையில் மறைந்திருக்கும் ஓர் உண்மை. 2007 கோடையில் வாங்கியவர் தன் முதலை மீண்டும் காண ஏறத்தாழ ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பொறுமைசாலியாக இருக்கலாம். ஆனால் 2009இல் மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய நாள் அவருக்காகக் காத்திராது. அப்போது அவர் நாலு டாலருக்கு விற்றிருந்தால் அது பதற்றம் அன்று, வேறு வழியின்மை. பிழை விற்ற நாளில் நிகழவில்லை. அந்தப் பணத்தை அங்கே வைத்த நாளிலேயே நிகழ்ந்துவிட்டது.

எனவே கட்டணம், திருமணம், மருத்துவம், ஓய்வுக்காலச் செலவு என நாள் குறித்த பணம் எதுவும், சில ஆண்டுகளுக்குள் தேவைப்படுமாயின், பங்குச் சந்தையின் பக்கம் போகவேண்டாம். நகைக்கடனோ தனிநபர் கடனோ பெற்றுப் பங்கு வாங்குவது அதனினும் ஆபத்து. கடன் பெற்றவருக்கு விலை மீளும்வரை பொறுத்திருக்கும் உரிமை இல்லை. வைப்புத்தொகை தரும் வட்டி சிறிது. ஆயினும் அது முதிரும் நாளும் தொகையும் முன்கூட்டியே தெரியும். அந்த உறுதிக்காகவே வட்டி குறைவாக இருக்கிறது.

ஊசலாடும் பங்குகளில் பணம் ஈட்டியோர் விலையை முன்கூட்டி அறிந்த தீர்க்கதரிசிகள் அல்லர். வீழ்ச்சி வந்தபோது விற்கவேண்டிய கட்டாயம் இல்லாதவாறு முன்பே தம் வீட்டுக் கணக்கை ஒழுங்கு செய்துகொண்டோரே அவர்களுள் பலர். தொழிலைப் படிப்பது இரண்டாவது வேலை. எந்தப் பணம் எந்த நாளில் தேவை என்று குடும்பத்தினருடன் அமர்ந்து எழுதிக்கொள்வதே முதல் வேலை என்பது நமது கருத்து.