ஸஹ்ராவின் காலணியும் ஒரகடத்துப் பேருந்தும்

ஈரானிய சினிமா என்றதும் தமிழ் வாசகனின் மனதில் எழும் சித்திரங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அண்ணன் தொலைத்துவிட்ட தங்கையின் காலணி, தங்கமீன் வாங்கப் புறப்பட்ட சிறுமி, நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தர மலைப்பாதையில் ஓடும் சிறுவன். பர்மா பஜார் குறுந்தகடுகளிலும் திரைப்படச் சங்கங்களின் திரையிடல்களிலும் இப்படங்களைக் கண்டடைந்த தலைமுறை, 'எளிமை', 'மனிதநேயம்' என்ற இரு சொற்களுக்குள் ஒரு தேசத்தின் திரைமொழியை அடக்கிவிட்டது. இந்த வாசிப்பு போதாது என்பது என் எண்ணம். அந்த எளிமைக்குப் பின்னால் ஒரு சமூகக் காரணம் இருக்கிறது.

1979 புரட்சிக்குப் பின் வந்த தணிக்கை விதிகளின்படி, வீட்டுக்குள் நிகழும் காட்சியிலும் பெண் தலையை மூடியிருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்ளக் கூடாது. கணவன் மனைவி உறவைக்கூட உள்ளபடி காட்ட வழியற்றுப்போன நிலையில், இயக்குனர்கள் பலர் குழந்தைகளின் உலகத்துக்குள் சென்றார்கள். 1965இல் தொடங்கப்பட்ட, சிறுவர்க்கும் இளையோர்க்குமான அறிவு வளர்ச்சி நிறுவனம் அவர்களுக்கு இடமளித்தது. அதன் திரைப்படப் பிரிவில் உருவானவர்தான் அப்பாஸ் கியரோஸ்தமி. அவருடைய 'நண்பனின் வீடு எங்கே' (1987) படத்தில், பெரியவர்களின் உத்தரவுகளுக்கு நடுவே தன் மனசாட்சியை மட்டும் நம்பி ஓடுகிறானே ஒரு பையன், அவனை வெறும் பையனாகப் பார்ப்பது நம் வசதிக்காக மட்டுமே.

அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். 'வெண்ணிற பலூன்' (1995) எடுத்த ஜாஃபர் பனாஹி, 'வட்டம்' (2000) படத்தில் தெஹ்ரான் தெருக்களில் அஞ்சித் திரியும் பெண்களைப் பின்தொடர்ந்தார். 'செந்தங்கம்' (2003) படத்தில் வீடுவீடாகப் பீட்சா கொண்டுசெல்லும் ஒருவனின் அவமானத்தைச் சொன்னார். நிஜத்தில் அத்தொழிலைச் செய்தவரே அதில் நடித்தார். 2010இல் பனாஹிக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனையும் 20 ஆண்டுகள் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. அதன் பிறகு தன் வீட்டுக்குள்ளேயே 'இது திரைப்படமல்ல' (2011) எடுத்தார். காருக்குள் அமர்ந்து 'டாக்ஸி' (2015) எடுத்தார். 2022இல் மஹ்சா அமினியின் மரணத்தைத் தொடர்ந்து பெண்கள் வீதிக்கு வந்தார்கள். அதற்குப் பின் அவர் அனுமதியின்றி எடுத்த 'அது ஒரு விபத்து மட்டுமே' 2025இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அப்படத்தில் பெண்கள் தலையை மூடாமல் வருகிறார்கள். வீதியில் நடந்தது திரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோடம்பாக்கத்திலிருந்து சில மணி நேரத்தில் போய்த் திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழில் வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 2021 டிசம்பரில், விடுதி உணவால் சக தொழிலாளிகள் 100-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதை அடுத்து, ஃபாக்ஸ்கான் ஆலையின் இளம்பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிறிய நகரமே உறங்கி எழும் எண்ணிக்கை அது. கால் நூற்றாண்டில் தமிழ்ச் சமூகத்தில், குறிப்பாகக் கிராமத்துப் பெண்களின் வாழ்வில், இவ்வளவு பெரிய மாற்றத்தை நிகழ்த்திய இடங்கள் குறைவு. ரங்கநாதன் தெருவின் ஊழியர்களுக்கு ஒரு 'அங்காடித் தெரு' (2010) கிடைத்ததுபோல், இந்த வட்டாரத்துக்கு நினைவில் நிற்கும் ஒரு படம் இன்னும் வாய்க்கவில்லை.

திறமையில்லை என்று சொல்ல முடியாது. 'காக்கா முட்டை' (2015) ஒரு துண்டு பீட்சாவை வைத்துச் சென்னையின் வர்க்கப் பிளவைக் காட்டியது. இளமையில் திருப்பூரில் ஆலை வேலை பார்த்த வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதைப் பெற்றது. மஜித் மஜிதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' 2022இல் 'அக்கா குருவி'யாகத் தமிழில் மறுஆக்கமும் பெற்றது. ஸஹ்ராவின் காலணியைக் கொண்டுவந்துவிட்டோம். ஒரகடத்தில் அந்தக் காலணிக்கு இணையான பொருள் எது என்ற கேள்வியைத்தான் கேட்காமல் விட்டோம்.

ஆலைக்குள் கேமராவை யார் அனுமதிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தடை விதிக்கப்பட்ட ஒருவர் வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் படமெடுத்ததைக் கொண்டாடிவிட்டு, நாம் வாயிற்கதவைக் காரணம் காட்டுவது பொருந்தாது. ஆலை மூடியிருக்கலாம், விடிவதற்கு முன் ஊர் ஊராக நின்று ஆளேற்றிக்கொண்டு வரும் ஷிப்ட் பேருந்து வெளியில்தான் ஓடுகிறது. முதல் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிய பெண் அதில் தூங்கிக்கொண்டு வருகிறாள். மஜிதியின் 'பாரான்' (2001) ஒரு கட்டுமானத் தளத்தில் நிகழ்கிறது. தன் இலகுவான வேலையைப் பறித்த ஆப்கானியச் சிறுவனை வெறுக்கும் ஈரானிய இளைஞன், அது ஆண்வேடமிட்ட பெண் என்று அறிந்த கணத்திலிருந்து வேறொருவனாகிறான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே கட்டடம் எழுப்புகிறவர்களை நாம் எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டு அப்படத்தைப் பாருங்கள்.

இவை அயல்நாட்டு விழாக்களுக்காக எடுக்கப்படும் படங்கள் என்ற குற்றச்சாட்டு ஈரானிலேயே உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் கியரோஸ்தமியின் 'குளோஸ்-அப்' (1990) வேறொன்றைச் சொல்கிறது. அச்சகத் தொழிலாளியான ஏழை ஒருவர், இயக்குனர் மக்மல்பஃப் தாமே என்று சொல்லி ஒரு குடும்பத்தை நம்பவைத்து, வழக்கில் சிக்கினார். நடந்த கதை அது. படத்தில் அவரே அவராக நடித்தார். மக்மல்பஃபின் 'சைக்கிளோட்டி'யில் தன் துயரத்தைக் கண்டவர் அவர். தன்னைத் திரையில் பார்க்கும் தேவை ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

படம் எடுப்பது நம் எல்லோராலும் ஆகாது. ஆனால் சென்னையின் அரங்குகளில் ஒருவருக்கொருவர் ஈரானியப் படங்களைக் காட்டிக்கொண்டிருக்கும் நாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, தமிழ் வசன வரிகளோடு 'பாரான்' திரையிடலாம். படம் முடிந்ததும் நாம் பேசாமல், அங்கே வேலை செய்கிறவர்கள் பேசுவதைக் கேட்கலாம். அவர்களில் ஒருத்தியிடம் அந்தக் காலணிக் கதை ஏற்கெனவே இருக்கக்கூடும்.