இடுப்புல துப்பாக்கி இருந்தா கரடி நின்னுடுமா?

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போன நம்ம சீனியர்ஸோட இன்ஸ்டாவுல ஒரு பேட்டர்ன் கவனிச்சிருப்பீங்க. முதல் செமஸ்டர்ல பனி போட்டோ. ரெண்டாவது செமஸ்டர்ல நாலு பேர் சேர்ந்து வாங்கின பழைய கார் போட்டோ. கோடை லீவு வந்தா யெல்லோஸ்டோன், இல்லன்னா கிளேசியர் தேசியப் பூங்கா. முதுகுல பெரிய பை, கையில ரெண்டு ஊன்றுகோல், பின்னாடி மலை.

அப்படி ஒரு போட்டோ எங்க டிபார்ட்மென்ட் குரூப்ல வந்தப்போ ஒரு ஜூனியர் கேட்டான்: "அண்ணா, அங்க கிரிஸ்லி கரடி இருக்குமே, துப்பாக்கி வெச்சிருக்கீங்களா?" அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரம் .44 மேக்னமா, 10 மி.மீ. கிளாக்கா என்று ஒரே சண்டை. சண்டை போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கியைப் பிடிச்சது பப்ஜியில மட்டும்தான் என்பது வேற விஷயம்.

இது வெறும் நம்ம குரூப் சண்டை இல்ல. அமெரிக்காவில் முதுகுப்பையோடு மலையேறுகிறவர்கள் மத்தியில் பல வருஷமா ஓடுற சண்டை. 2010 பிப்ரவரி 22 வரை பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கையோடு எடுத்துப் போக முடியாது. அன்றிலிருந்து, அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால் எடுத்துப் போகலாம். இதில் வேடிக்கை என்னன்னா, வைத்திருக்கத்தான் அனுமதி. யெல்லோஸ்டோனில் சுடுவது இன்னமும் விதிமீறல்தான். இந்தத் திருத்தம் நிறைவேறியது கிரெடிட் கார்டு கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டத்தோட வாலில் ஒட்டிக்கொண்டு. அரசியல் எல்லா ஊர்லயும் அப்படித்தான் போல.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கைத்துப்பாக்கி வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். பல தடவை வேலை செய்திருக்கு. ஆனா முதுகுல 15 கிலோ பையோட நடக்கிற சாதாரண ஆளுக்கு, கரடி ஸ்ப்ரேதான் சரியான கருவி. துப்பாக்கி அந்த ஆளுக்குத் தர்றது பாதுகாப்பை விட தைரியத்தைத்தான்.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், கணக்கில் ஆரம்பிப்போம். கிரிஸ்லி மணிக்கு 56 கிலோமீட்டர் வரை ஓடும். அதாவது நொடிக்கு 15 மீட்டருக்கும் மேல. புதர்ல இருந்து 30 மீட்டர் தூரத்தில் அது கிளம்பினால் உங்களுக்குக் கிடைப்பது 2 நொடி. அந்த 2 நொடியில் "ஐயோ கரடி" என்று மூளைக்கு உறைக்கணும், கை இடுப்புக்குப் போகணும், பையோட வார் குறுக்க வராம துப்பாக்கியை உருவணும், குறி பார்க்கணும், சுடணும்.

சரி, சுட்டாச்சு, பட்டாச்சுன்னு வைங்க. .44 மேக்னம் தோட்டா சுமார் 15.5 கிராம், வேகம் நொடிக்கு 430 மீட்டர் என்று எடுத்துக்கலாம். உந்தம் 7 கூட வராது. 250 கிலோ கரடி நொடிக்கு 15 மீட்டரில் வந்தால் அதன் உந்தம் 3,750. சினிமாவுல காட்டற மாதிரி தோட்டா பட்டதும் பின்னாடி தூக்கி எறியப்படறது எல்லாம் இயற்பியல்ல கிடையாது. பாயுற கரடியைத் தோட்டா அந்த இடத்துலயே நிறுத்தணும்னா மூளையிலோ முதுகுத்தண்டிலோ படணும். இதயத்தில் பட்டால் கூட, விழறதுக்கு முன்னாடி உங்களிடம் வந்து சேர அதுக்கு நேரம் இருக்கும். அந்த மூளையும் ஓடும்போது மேலும் கீழும் ஆடிட்டே வரும். ஒரு விஷயம் நியாயமா சொல்லணும்: வலி, சத்தம், பயம் இவற்றால் கரடி திரும்பி ஓடவும் செய்யும். பல சம்பவங்களில் அப்படித்தான் நடந்திருக்கு.

ஸ்ப்ரே வேறு மாதிரி யோசிக்கிற கருவி. உள்ளே இருப்பது நம்ம மிளகாயோட காரம்தான், கேப்சைசினும் அதன் சொந்தக்காரங்களும், 1 முதல் 2 சதவீதம் வரை. அழுத்தினால் ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு மேகம் மாதிரி விரியும். ஒரு புள்ளியைக் குறி பார்க்க வேண்டாம்; கரடி வர்ற வழியில் கொஞ்சம் கீழ பார்த்து ஒரு சுவர் எழுப்பினால் போதும், அதுவே வந்து அதுக்குள்ள நுழையும். கண், மூக்கு, நுரையீரல் மூணும் ஒரே நேரத்தில் எரியும். பதற்றத்தில் நடுங்குற கைக்கு இந்த டிசைன்தான் ஒத்துவரும்.

இப்போ குரூப்ல எல்லாரும் தூக்கிப் போட்ட அந்த ரெண்டு ஆய்வுக்கு வருவோம். டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் மற்ற சிலரும் சேர்ந்து அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்தவை. 2008இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடிகள் மேல் ஸ்ப்ரே அடித்த சம்பவங்களில் 92 சதவீதம் கரடி செய்துகொண்டிருந்ததை நிறுத்தியிருக்கு. 2012இல் வந்த ஆய்வில், கைத்துப்பாக்கி 84 சதவீதம் வென்றிருக்கு. 37 சம்பவங்களில் 31. உடனே "92 பெருசு, 84 சிறுசு, கேஸ் க்ளோஸ்" என்று ஸ்ப்ரே கட்சிக்காரங்க முடிச்சிடறாங்க.

நானும் ஸ்ப்ரே கட்சிதான், ஆனா இந்த வாதம் தப்பு. ரெண்டும் ஒரே அளவுகோல் இல்ல. ஸ்ப்ரே ஆய்வில் கணக்கில் வந்தது ஸ்ப்ரே உண்மையிலேயே அடிக்கப்பட்ட சம்பவங்கள். துப்பாக்கி ஆய்விலோ, துப்பாக்கி கையில் இருந்தும் சுட முடியாமல் போனவையும் உண்டு. ஸ்ப்ரே சம்பவங்கள் பலவற்றில் கரடி பாயவே இல்லை. சும்மா மோப்பம் பிடிக்க, சாப்பாடு தேட வந்தவை. துப்பாக்கி சம்பவங்களில் ஆபத்து அதிகம். லேப் ரெக்கார்டுல இப்படி ரெண்டு ரீடிங்கை ஒப்பிட்டால் மேம் திருப்பித் தருவாங்க. எனவே அந்த சதவீதங்களை ஓரமா வெச்சிடுங்க.

அதே 2012 ஆய்வில் உண்மையிலேயே உபயோகமான பகுதி, துப்பாக்கி ஏன் தோற்றது என்ற பட்டியல். முதல் காரணம், நேரம் போதவில்லை. அடுத்தது, துப்பாக்கி இருந்தும் பயன்படுத்தவே இல்லை. அப்புறம் சிக்கிக்கொண்டது, கரடி ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது, குறி தவறியது, தோட்டா தீர்ந்தது, சேஃப்டி பூட்டு போட்டபடியே இருந்தது, கால் தடுக்கி விழுந்தது. இன்னொரு முடிவும் உண்டு: துப்பாக்கி இருந்தவர்கள் அதைப் பயன்படுத்தியபோதும் பயன்படுத்தாதபோதும் காயமடைந்த விகிதத்தில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. படிச்சுப் பாருங்க, இதில் எத்தனை காரணம் துப்பாக்கியோட பவரைப் பத்தினது? பெரும்பாலும் மனுஷன் கையைப் பத்தினது. .44ஆ 10 மி.மீ.ஆ என்ற நம்ம சண்டையே தேவையில்லாத ஆணி.

உயிரோட விலையில் இது புரிந்த சம்பவம் 2018 செப்டம்பரில் வயோமிங்கில் நடந்தது. ஒரு வேட்டை வழிகாட்டியும் அவரை அமர்த்தியவரும் முந்தைய நாள் வீழ்த்திய மானை எடுக்கப் போனார்கள். கைத்துப்பாக்கி இருந்தது, ஆனால் சற்றுத் தள்ளிக் கழற்றி வைத்த பைகளோடு. கரடி பாய்ந்தபோது அமர்த்தியவர் ஓடிப்போய் அதை எடுத்தார். அவரால் சுட முடியவில்லை. வழிகாட்டியை நோக்கி வீசினார், அது போய்ச் சேரவில்லை. வழிகாட்டி இறந்துபோனார். அவரிடம் ஸ்ப்ரேயும் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லணும். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. நூறு சதவீத கேரண்டி எதிலும் இல்லை. ஆனால் பையில் கிடக்கிற துப்பாக்கி, பழகாத கையில் துப்பாக்கி, இரண்டும் துப்பாக்கியே இல்லாத மாதிரிதான்.

2011 செப்டம்பரில் மொன்டானா, ஐடஹோ எல்லையில் நடந்தது இன்னும் கொடுமை. காயம்பட்ட கிரிஸ்லி ஒரு வேட்டைக்காரரைத் தாக்க, காப்பாற்ற நினைத்த நண்பர் ரைஃபிளால் சுட்டார். இறந்தவரின் உயிரை எடுத்தது கரடி இல்லை, நண்பரின் தோட்டா என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. ஒரு கருவியை எடைபோடும்போது அது ஜெயித்தால் என்ன ஆகும் என்பதை விட தோற்றால் என்ன ஆகும் என்று பார்க்கச் சொல்லித்தானே நமக்குப் பாடம் எடுக்கறாங்க? ஸ்ப்ரே தப்பான ஆள் மேல பட்டால் இருமி, கண்ணீர் விட்டு, ஒரு மணி நேரத்தில் எழுந்து திட்டுவான். நண்பர்கள் நாலு பேர் ஒத்தையடிப் பாதையில் போகும்போது இந்த வித்தியாசம் சின்னது இல்ல.

எதிர்க்கட்சி வாதங்களும் இருக்கு. காற்று எதிரா அடிச்சா? அடிச்சவன் முகத்துலயே கொஞ்சம் படும். 2008 ஆய்வில் 71 தடவையில் 10 தடவை அப்படி ஆயிருக்கு, ஆனா காற்று குறுக்கிட்ட சம்பவங்களிலும் ஸ்ப்ரே கரடியைப் போய்ச் சேர்ந்திருக்கு. கடும் குளிரில் டப்பாவோட அழுத்தம் குறையும், உண்மை. 2016இல் அலாஸ்காவில் ஒரு வழிகாட்டி வெறும் 9 மி.மீ. கைத்துப்பாக்கியால் பாய்ந்து வந்த பழுப்புக் கரடியைக் கொன்று, கூட வந்தவர்களைக் காப்பாற்றினார். அதுவும் உண்மை. ஆனா அவர் பல வருஷம் கரடிகளுக்கு நடுவுலயே வாழ்ந்த தொழில்காரர். தோனி ஹெலிகாப்டர் ஷாட் அடிக்கறார்னு நம்ம ஹாஸ்டல் டீம் ஓப்பனர் முதல் பந்துலயே அதை ட்ரை பண்ணா என்ன ஆகும்?

கரடி பக்கமும் ஒரு வரி சொல்லணும். சட்டம் மாறி மூணே மாசத்தில், 2010 மே மாதம், டெனாலி பூங்காவில் புதரிலிருந்து வந்த கிரிஸ்லியை ஒரு மலையேறி .45 கைத்துப்பாக்கியால் சுட்டார். சுமார் ஒன்பது தோட்டா. மனிதர்கள் இருவருக்கும் காயமில்லை. கரடி புதருக்குள் திரும்பிப் போய்விட்டது. செத்ததா, அடிபட்ட வெறியோடு திரியுதா என்று தெரியாமல் அந்தப் பகுதிக்குள் ஆட்கள் போவதையே நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு கொஞ்ச தூரத்தில் பிணமாகக் கிடைத்தது. அவர் செய்தது தப்பு என்று ஏ.சி. ரூமில் உட்கார்ந்து நான் சொல்ல மாட்டேன். ஆனா ஸ்ப்ரே பட்ட கரடி வீட்டுக்குப் போகும், மனுஷன் கிட்ட போகக்கூடாது என்ற பாடத்தோட. அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்காவில் கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கூடாரம் போட நாமதான் அதன் வீட்டுக்குப் போறோம்.

நம்மாளுங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் விஷயம், இதை யாரும் குரூப்ல சொல்லல. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. "மச்சி, என்னோடத வெச்சுக்கோ" என்று அமெரிக்க ரூம்மேட் கொடுப்பதும் சிக்கல்தான், அவனுக்கும் சேர்த்து. கரடியிடம் தப்பி விசாவை இழந்துட்டு வந்தா வீட்ல அம்மா அப்பாவுக்கு என்ன பதில் சொல்றது?

பயமும் அளவோட இருக்கட்டும். யெல்லோஸ்டோனில் கிரிஸ்லியால் ஒருவர் காயப்படும் வாய்ப்பு சுமார் 27 லட்சம் வருகைக்கு ஒன்று என்று பூங்கா நிர்வாகமே கணக்கு சொல்லுது. அந்தப் பூங்காவின் வரலாற்றில் கரடியால் செத்தவங்களை விட வெந்நீர் ஊற்றில் வெந்து செத்தவங்க அதிகம். மரப்பாதையை விட்டு இறங்கி செல்ஃபி எடுக்கற ஆளுக்கு எந்தத் துப்பாக்கியும் உதவாது.

போறவங்க செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். மூணு பேருக்குக் குறையாம போங்க. திருப்பத்துலயும் ஓடைச் சத்தம் இருக்கற இடத்துலயும் கை தட்டிப் பேசிக்கிட்டே போங்க. கரடிக்குத் திடுக்கிடறதுதான் பிடிக்காது. சாப்பாடு, பற்பசை, அம்மா அனுப்பின பருப்புப் பொடி எல்லாத்தையும் கரடி திறக்க முடியாத டப்பாவில் போட்டு, தூங்குற இடத்துல இருந்து தள்ளி வைங்க. கரடியைப் பார்த்தால் 91 மீட்டர் இடைவெளி. போட்டோவுக்காகக் கூட அதுக்குள்ள போகாதீங்க. ஸ்ப்ரேயை விமானத்துல கொண்டு போக விடமாட்டாங்க, செக்-இன் பையிலயும் கூடாது. அங்க போய் வாங்குங்க. டப்பா மேல காலாவதி தேதி இருக்கும், பாருங்க. காரம் இல்லாத பயிற்சி டப்பாவும் விற்கறாங்க. ஒருத்தர் கரடியா ஓடி வரட்டும், மத்தவங்க ரெண்டு நொடியில் உருவிப் பழகுங்க. அந்த டப்பா பைக்குள்ள இல்ல, இடுப்பு பெல்ட்லயோ மார்பு வார்லயோ இருக்கணும். போட்டோ போட்ட அண்ணனுக்கு ஜூம் பண்ணிப் பார்த்தேன். அவருக்கு அது தண்ணி பாட்டில் பக்கத்துல, பையோட சைடு பாக்கெட்ல இருந்துச்சு. குரூப்ல சொல்லியாச்சு, ப்ளூ டிக் வந்துடுச்சு.