எளியோர் பெயர் காக்கும் ஏடுகள்

அயர்லாந்து நாட்டைக் காணச் செல்வோர் கோட்டைகளையும் பசும்புல் வெளிகளையும் கண்டு மகிழ்வர். ஆயின், தம் முன்னோரைத் தேடிச் செல்வோர் தென்கரையிலுள்ள கோவ் துறைமுகத்தில் ஒரு நாளேனும் தங்குதல் வேண்டும். 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதனால் விளைந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அவரினும் மிகுதியானோர் நாடு துறந்தனர். அக்காலத்தும் பின்னரும் எண்ணற்றோர் கப்பலேறிய துறை அது. அவர்தம் பெயரைத் தாங்கிய ஏடுகள் பல, 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில், டப்ளின் நகரின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்தன. ஆதலின், வழித்தோன்றல்கள் இன்று சிற்றூர்த் தேவாலயப் பதிவேடுகளிலும் கல்லறைக் கற்களிலும் தம் குடிப்பெயரைத் தேடுகின்றனர். மன்னர் புகழைக் கோட்டைகள் காக்கும். எளியோர் பெயரைக் காப்பன ஏடுகளே. அவற்றைப் பேணுதல் ஒவ்வொரு நாட்டின் கடமையாகும்.