படமாகிப்போன புள்ளிவிவரம்

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. 12 ஆயிரத்துக்கும் அதிகமான கிராம ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் இது பெரிய திறப்பு. அந்த இருக்கைகளில் பார்வையற்றவர்களும் அமர வேண்டும். தங்கள் ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை குடிநீர் இணைப்புகள், எவ்வளவு பாசனப் பரப்பு என்பதை யாருடைய துணையும் இல்லாமல் அவர்களால் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வர முடியுமா? அரசு இணையதளங்களில் புள்ளிவிவரங்கள் ஏற்றப்படும் விதம் அதற்குப் பெரிய தடையாக நிற்கிறது.

மாவட்ட இணையதளங்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தேசியத் தகவலியல் மையம் அமைத்துக்கொடுத்த பொதுக் கட்டமைப்பில் அவை இயங்குகின்றன; எழுத்தைப் பெரிதாக்கலாம், நிற மாறுபாட்டைக் கூட்டலாம். சிக்கல், உள்ளே ஏற்றப்படும் கோப்பில் இருக்கிறது. அலுவலகக் கணினியில் எக்செல்லில் தயாராகும் அட்டவணை அச்சிடப்படுகிறது. அதிகாரி கையொப்பமிடுகிறார், முத்திரை விழுகிறது. பிறகு அந்தத் தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுகிறார்கள். எண்ணாக இருந்தது அந்த நிமிடமே படமாகிவிடுகிறது. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் வாசிக்கிறது. ஆனால், படத்துக்குள் அது வாசிப்பதற்கு எழுத்து ஏது?

ஸ்கேன் செய்யாத கோப்புகளிலும் ஒரு தொல்லை உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். பாமினியில் அடித்த ‘அம்மா’வைத் திரைவாசிப்பான் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றுதான் புரிந்துகொள்ளும். அரசு அலுவலகங்களுக்கு யூனிகோட் எனும் ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுவிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருவில் ஒரு கோப்பு இணையத்தில் ஏறுகிறது என்றால், அது கண்காணிப்பின் தோல்வி.

அடுத்தது அட்டவணையின் அமைப்பு. ஒன்றியம் வாரியான மாணவர் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். மேலே ‘தொடக்கப் பள்ளி’, ‘நடுநிலைப் பள்ளி’. ஒவ்வொன்றின் கீழும் ‘ஆண்’, ‘பெண்’. பார்ப்பவர் கண்ணை மேலே ஓட்டித் தலைப்பைப் பிடித்துவிடுவார். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளை அழுத்தியபடி அம்புக்குறியால் கட்டம் கட்டமாக நகர்பவரின் காதில் விழுவதோ, ‘வரிசை 9, நெடுவரிசை 5, 412’. எந்த ஒன்றியம், ஆணா பெண்ணா என்று தெரியாமல் அந்த 412-ஐ வைத்து என்ன செய்வது? தலைப்புக் கட்டங்களைத் தலைப்பு என்று நிரலில் குறித்து, இணைத்த கட்டங்களைப் பிரித்துவிட்டால், நகரும்போதே உரிய தலைப்பையும் சேர்த்துத் திரைவாசிப்பான் சொல்லும். வரைபடங்களுக்குக் கீழே அவற்றின் எண்களையும் அட்டவணையாகத் தர வேண்டும். சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் வேறுபடுத்திய மாவட்ட வரைபடம் குறைபார்வை உள்ளவருக்கும் நிறக்குருடு உள்ளவருக்கும் பயன்படாது.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. இணையத்தில் ஏற்றும் ஆவணங்கள் இ-பப் வடிவிலோ, எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) மூலம் மாற்றிய பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று 2017-இல் வகுத்த விதிகள் கூறின. சேவைகளைச் சீராக்க இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2019-இல் முடிந்துவிட்டது. அணுகல்தன்மை குறித்த ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் பரிந்துரையாக்கியதற்காக அந்த விதிகளில் 15(1)-ஆவதைச் செல்லாது என்றது; கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்கவும் உத்தரவிட்டது. எழுத்துணரியை நம்பிப் புள்ளிவிவரத்தை விடுவதும் என்னைப் பொறுத்தவரை ஆபத்துதான். மங்கிய ஸ்கேனில் 3-ஐ அது 8 என்று எடுத்துக்கொள்ளலாம். உரைநடையில் ஒரு பிழை நேர்ந்தால் சூழல் காட்டிக்கொடுக்கும். எண்ணில் அந்த வசதி கிடையாது. தாளைப் பார்த்துச் சரிபார்க்க முடியாதவர் தவறான எண்ணோடு சபையில் எழுந்து பேச நேரும்.

ஆகவே, மூல எக்செல் கோப்பையே வெளியிடுவதுதான் சரி. அதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. கோப்பு ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கிறது. கையொப்பம் தேவை என்றால், டிஜிட்டல் கையொப்பத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-லேயே அங்கீகரித்துவிட்டது. தளம் அனைவரும் பயன்படுத்தத்தக்கது என்று தரச் சான்று வாங்கினாலும், மறுநாள் ஏறும் கோப்பை யார் சோதிப்பது என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் பார்வையற்றவர்களை ஊதியம் கொடுத்து அந்தப் பணியில் அமர்த்துவதே முறை. தானியங்கிச் சோதனைக் கருவி, தலைப்பு இருக்கிறதா என்று பார்க்கும். அது பொருள் தருகிறதா என்று பார்க்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவுகள் ஒன்றியம் வாரியாக, ஊர் வாரியாக வரும்போது, அவற்றை ஸ்கேன் செய்து ஏற்றக் கூடாது என்று ஒரு பக்க அரசாணையைத் தமிழ்நாடு அரசு இப்போதே பிறப்பிக்க வேண்டும்.