முதலிடம் யாருக்குப் பட்டா?

அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக நடக்கும் முதல்நிலைத் தேர்தல்களே முடிவு செய்கின்றன. அவற்றில் முதலாவது தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டமே வைத்திருக்கிறது. சுமார் 14 லட்சம் மக்கள், பெரும்பாலோர் வெள்ளையர். 2020இல் அங்கே ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட ஜோ பைடனை, கறுப்பின வாக்காளர்கள் நிறைந்த தென் கரோலினா பிப்ரவரி 29 அன்று தூக்கி நிறுத்தியது. அடுத்த சில நாட்களில் போட்டியின் முகமே மாறிப்போனது.

நன்றிக்கடனோ நியாயமோ, 2024இல் தென் கரோலினாவுக்கே முதலிடம் என்றது ஜனநாயகக் கட்சி. நியூ ஹாம்ப்ஷயர் அசரவில்லை. ஜனவரி 23 அன்றே வாக்குப்பதிவை நடத்தியது. வாக்குச்சீட்டில் பைடன் பெயரே இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டே அவரை ஜெயிக்க வைத்தார்கள்!

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். தொடக்கத்தில் தோற்றவருக்கு நன்கொடை வற்றுகிறது, ஊடக வெளிச்சம் விலகுகிறது. பெரிய மாநிலங்களின் முறை வரும்போது களத்தில் ஓரிருவரே மிஞ்சுகிறார்கள். இத்தனை செல்வாக்கை ஒரே மாநிலத்துக்கு நிரந்தரப் பட்டா போட்டுக் கொடுப்பது முறையல்ல. முதலிடம் சுழற்சி முறையில் மாற வேண்டும். அதை இரு கட்சிகளும் அடுத்த தேர்தலுக்கு முன்பே பேசி முடிக்கட்டும்.