வேகத்துக்கும் ஒரு சம்பளக் கணக்கு உண்டு

தீபாவளிக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும், கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும், கொழும்பு வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஊர் திரும்பப் போகிறார்கள். கடை முதலாளிமாருக்குத் தீபாவளிக்கு முந்திய இரவுதான் பெரிய வியாபாரம். இரவு பத்து, பதினொரு மணிக்குக் கடையை மூடி, துணிகளை மடித்து வைத்து, பையைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டைக்கு ஓடுகிறார்கள். அகப்பட்ட பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, கினிகத்தேனை வளைவுகளில் நின்றபடியே வந்து, விடிகாலையில் ஹட்டனில் இறங்குகிறார்கள். எண்ணெய் வைக்கும் நேரத்துக்குப் பிள்ளை வந்து சேர்ந்துவிட வேண்டும் என்ற கவலை ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. எப்படி வந்து சேர்கிறது என்பதையும் சங்கம் கேட்க வேண்டிய காலம் இது.

2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸை நாம் மறந்துவிடவில்லை. கதிர்காமத்திலிருந்து குருணாகல் போன பஸ் அது. இருபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஏறியிருந்தவர்கள் எழுபதுக்கு மேல். செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். அதற்கு முன் 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டை, 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல. ரதெல்லவில் இறந்தவர்களில் அதிகம் பேர் வேனில் போய்க்கொண்டிருந்த நம் மலையகக் குடும்பத்தார்.

ஒவ்வொரு முறையும் "சாரதியின் கவனக்குறைவு" என்று ஒரு வரியில் கோப்பை மூடுகிறார்கள். கவனக்குறைவு இல்லை என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் மலையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் "பார்த்து நடந்திருக்கலாமே" என்று துரை சொல்லும்போது நாம் ஏற்றுக்கொள்கிறோமா? படிக்கட்டு எங்கே, கான் ஏன் வெட்டப்படவில்லை, எத்தனை கிலோ கேட்டீர்கள் என்று திருப்பிக் கேட்கிறோம் அல்லவா? பசறையில் வீதியிலேயே பாறை சரிந்து கிடந்தது, பாதை பாதியாகிப் போயிருந்தது. அதை அப்படியே விட்டது யார் என்ற கேள்வியும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் காலி வீதி ஓரம் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க பஸ்ஸும் மொரட்டுவையிலிருந்து வரும் 101உம் ஒன்றையொன்று முந்தி, அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் நான்கு பேரை அள்ளப் பாய்கின்றன. நடுவில் மஞ்சள் கடவையில் பாதி வழியில் ஒரு பெண் உறைந்து நிற்பார். இந்த ஓட்டத்தைச் சாரதியின் குணம் என்கிறார்கள். பெரும்பாலும் அது அவருடைய சம்பளம். தனியார் பஸ்களில் பலவற்றில் சாரதிக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலில் டீசலும் முதலாளிக்கு உரியதும் போக மிஞ்சுவதுதான் அவர்கள் வீட்டுக்கு. முன்னால் போகிற பஸ் ஆட்களை ஏற்றிவிட்டால் இவர் வீட்டு அரிசி குறையும்.

இது நமக்குப் புதிய கதையா? கொழுந்து குறைந்தால் அரைப்பேர், கூடினால் கிலோவுக்குக் காசு. நிறுவைக்கு முன் ஓடி ஓடிப் பறித்து, முதிர் இலையும் சேர்த்து அள்ளிய கைகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். நம் கூடையில் போவது கொழுந்து. அவர் பஸ்ஸில் போவது நம் பிள்ளை. வித்தியாசம் அவ்வளவுதான்.

1958இல் பஸ்களை அரசு எடுத்தது. 1979இல் மீண்டும் தனியாருக்குத் திறந்துவிட்டது. ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருக்கும் முதலாளிமார் கையில் பாதைகள் போய், வசூல் போட்டி வந்தது அதன் பிறகுதான். அதற்காக எல்லாவற்றையும் சபைக்குக் கொடுத்தால் போதும் என்று சொல்லவும் முடியாது. கெரண்டிஎல்லவில் விழுந்தது இலங்கை போக்குவரத்துச் சபை பஸ். மாதச் சம்பளம் இருந்தாலும், இரவு முழுக்க ஒரே ஆள் ஓட்டுவதும் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுவதும் நிற்காவிட்டால் பயன் இல்லை.

வேகம் என்றால் என்ன என்று வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டுவேன். நகரப் பகுதியில் எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு செக்கனில் பஸ் 14 மீற்றர் போகும். பன்னிரண்டு அடிக் காம்பரா நான்கைத் தாண்டிவிடும். சாரதி ஆளைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய அந்த ஒரு செக்கன் வேண்டும். 65இல் போனால் ஐந்து காம்பரா. ஒரு காம்பராதானே என்று நினைக்க வேண்டாம். 50இல் அடிபடுகிறவரை விட 65இல் அடிபடுகிற பாதசாரி சாகும் அபாயம் நான்கரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிவேக நெடுஞ்சாலையில் எல்லை 100. அங்கே ஒரு செக்கனுக்கு 28 மீற்றர், ஏறக்குறைய ஒரு லயத்தின் நீளம். முன் வண்டிக்குப் பின்னால் இரண்டு செக்கன் இடைவெளி விடு என்பது அதனால்தான், மழையில் இன்னும் கூட.

அதிவேக நெடுஞ்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2011இல் தெற்கு நெடுஞ்சாலை திறந்தார்கள். 2013இல் கட்டுநாயக்க நெடுஞ்சாலை வந்தது. அதன் வாசல் பேலியகொட, கொட்டாஞ்சேனைக்குப் பக்கம். எதுவும் நம் மலைக்கு வரவில்லை. வராதது போகட்டும். அங்கே பயணிகள் எல்லோருக்கும் ஆசனப்பட்டி கட்டாயம் என்று 2025இல் அறிவித்தார்கள், நல்லது. பள்ளமே இல்லாத நேர்ப்பாதையில் தேவைப்படும் பட்டி, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாகப் போகும் ரம்பொடை வீதியில் தேவைப்படாதா? பஸ் உருளும்போது வெளியே வீசப்படுகிறவர்களைக் காப்பது அந்தப் பட்டிதான்.

சம்பளத்தையும் வீதிப் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்பது நாம் கண்டுபிடித்த வழி அல்ல. அவுஸ்திரேலியாவில் லொறிச் சாரதிகளின் சங்கம் பல ஆண்டு போராடி, பாதுகாப்பான ஓட்டத்துக்கு ஏற்ற ஊதியத்தைத் தீர்மானிக்க 2012இல் ஒரு தீர்ப்பாயத்தையே பெற்றது. 2016இல் அரசு அதைக் கலைத்தது. தென்கொரியாவில் 2020இல் கொள்கலன், சீமெந்து லொறிகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் வந்தது. 2022 முடிவில் அதுவும் காலாவதியானது, சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தும் காப்பாற்ற முடியவில்லை. கேட்டதும் கிடைத்துவிடாது, கிடைத்தாலும் காவல் இருக்க வேண்டும் என்பது நம் சம்பளப் போராட்டத்திலேயே நாம் கண்டதுதான்.

ஆகவே நம் சங்கம் கேட்பது இவை. தூர இடத்துத் தனியார் பஸ் சாரதிகளுக்கும் நடத்துநர்களுக்கும் வசூலோடு தொடர்பில்லாத மாதச் சம்பளம். இரவு ஓட்டத்துக்கு இரண்டாவது சாரதி. மலை வீதிகளில் ஓடும் பஸ்களுக்கும் ஆசனப்பட்டி. பண்டிகை நாட்களில் கொழும்பிலிருந்து ஹட்டன், நுவரெலியா, பதுளைக்கு மேலதிக சபை பஸ்கள், அவை பகலிலேயே புறப்பட வேண்டும். பஸ் தொழிலாளர்களின் சங்கங்களோடு இதைப் பேசத் தொடங்கியிருக்கிறோம். சாரதியும் கூலிக்காரர்தான், அவரை எதிரியாக்கி எந்தக் கோரிக்கையும் வெல்லாது.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. "சுருக்காப் போங்கண்ணே, சாமி கும்பிட நேரமாகுது" என்று பின்னால் இருந்து சத்தம் போடுவது நம் ஆட்கள்தான். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருவதும் நாம்தான். அதை நிறுத்துவதற்கு எந்த அமைச்சரும் வர வேண்டியதில்லை.

இந்த வருடம் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடை முதலாளிமாருக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் போகிறது: தூரத்துப் பிள்ளைகளை முந்திய நாள் மதியத்தோடு அனுப்புங்கள், அந்த அரை நாள் சம்பளத்தை வெட்டாதீர்கள் என்று. எந்தக் கடை என்று தெரியாமல் கடிதம் எழுத முடியாது. கொழும்பில் பிள்ளை வேலை செய்யும் குடும்பத்தார், கடையின் பெயரையும் வீதியையும் எழுதி வரும் சனிக்கிழமைப் பிரட்டுக்கு முன் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். வீட்டு வேலையில் இருக்கும் பெண் பிள்ளைகளின் விபரத்தைத் தலைவியிடம் மட்டும் சொன்னால் போதும், அந்த வீட்டாரோடு பேசும் முறை வேறு.