விமானத்துக்கு வழி சொல்ல யாருக்குத் 'தகுதி'?

லால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனி, ஞாயிறு மாலைகளில் ஒரு வகுப்பு நடக்கிறது. அஸர் தொழுகை முடிந்ததும் தொடங்கும். கொசு விரட்டும்வரை நீளும். ஏழு பேர் வருகிறார்கள். எல்லோரும் பி.எஸ்சி. இயற்பியலோ பொறியியலோ முடித்தவர்கள். இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தும் ஏடிசி தேர்வுக்கு, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இளநிலை நிர்வாகி வேலைக்கான தேர்வுக்குத் தயாராகிறார்கள். நான் ஆசிரியன் இல்லை, முனைவர் பட்ட ஆய்வு மாணவன். இயற்பியலில் அவர்களுக்குச் சில வருடம் முன்னால் நடந்தவன், அவ்வளவுதான்.

ஏழு பேரில் கணக்கில் கெட்டிக்காரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் காலனியிலிருந்து வரும் தங்கை. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். இந்தத் தேர்வில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு குரல் தேர்வு என்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசவும் படிக்கவும் முடிகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு ஒத்திகை பார்க்கலாம் என்று கடன் வாங்கிய காசில் சென்னையில் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்குப் போய்வந்தாள். அங்கே எண்களைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 'த்ரீ தௌசண்ட்' என்பது அவள் வாயில் 'ட்ரீ டௌசண்ட்' என்று வந்திருக்கிறது. பயிற்சி கொடுத்தவர் சிரித்தார். அறையும் சிரித்தது. "ஊர் எது? எஸ்சி கோட்டாவா?" என்று அடுத்த கேள்வி வந்தது. திரும்பி வந்தவள் மூன்று வாரம் கணக்கு மட்டும் போட்டாள். வாய்விட்டு ஒரு வரி படிக்கவில்லை.

அந்தப் பயிற்சியாளர் அறியாத செய்தி ஒன்று உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஐகாவோ என்று சொல்கிறோமே, அது வானொலியில் எண்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் மூன்றுக்கு உச்சரிப்பு 'ட்ரீ'. ஆயிரத்துக்கு 'டௌசண்ட்'. ஐந்துக்கு 'ஃபைஃப்', ஒன்பதுக்கு 'நைனர்'. இரைச்சல் நிறைந்த வானொலியில் ஓர் எண் இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது, உலகத்தின் எல்லா மொழிக்காரர் நாக்கிலும் அது வர வேண்டும். அதற்காகச் செய்த ஏற்பாடு. லண்டன்காரரும் அந்த இடத்தில் 'ட்ரீ' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தங்கை சொன்னது உலக வானொலி விதிப்படி சரி. சிரித்தவர்தான் பாடம் படிக்காதவர்.

இன்னொன்றும் இருக்கிறது. விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் ஐகாவோ கேட்கும் ஆங்கிலத் தகுதி, ஆறு படிகளில் நான்காம் படி. தாய்மொழியின் வாடை உச்சரிப்பில் இருக்கலாம், புரிந்துகொள்வதற்கு அடிக்கடி இடைஞ்சலாக இல்லாவிட்டால் போதும் என்பதே அதன் சாரம். பிரேசில்காரர் பிரேசில்காரர் மாதிரியும் ஜப்பானியர் ஜப்பானியர் மாதிரியும் ஆங்கிலம் பேசலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. காட்டுமன்னார்கோயில்காரி காட்டுமன்னார்கோயில்காரி மாதிரி பேசினால் மட்டும் சென்னையில் ஓர் அறை சிரிக்கிறது. இவர்கள் கேலி செய்வது உச்சரிப்பை என்று நான் நம்பவில்லை. இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள்.

ஒருவர் 'கோட்டா'வில் ஓட்டும் விமானத்தில் நீ ஏறுவாயா? இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே வந்து விழும் கேலி இது. 1990இல் வி.பி. சிங் மண்டல் பரிந்துரையை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தபோது, மேல்சாதி மாணவர்கள் தெருக்கூட்டியும் செருப்புக்கு மெருகு போட்டும் போராடினார்கள். 2006இல் உயர்கல்வியில் ஓபிசி ஒதுக்கீடு வந்தபோதும் அதே நாடகம். எங்கள் மக்கள் வீட்டில் அன்றாடம் செய்கிற வேலையை அவமானத்தின் சின்னமாகக் காட்டிவிட்டு, தகுதியைப் பற்றிப் பேசினார்கள்.

கேலிக்கு நேராகவே பதில் சொல்லிவிடுவோம். நுழைவில் கட்-ஆஃப் பிரிவுக்குப் பிரிவு மாறும். உண்மைதான். அதற்குப் பிறகு எதுவும் மாறாது. குரல் தேர்வு, உளவியல் தேர்வு, போதைப்பொருள் சோதனை, மருத்துவச் சோதனை எல்லாம் எல்லோருக்கும் ஒன்றே. பிரயாக்ராஜிலோ ஹைதராபாத்திலோ மாதக்கணக்கில் பயிற்சி. பிறகு ஒரு நிலையத்தில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகி, தேறி, ரேட்டிங் வாங்கினால்தான் தனியாக மைக்கைத் தொட முடியும். ஒதுக்கீடு வகுப்பறைக் கதவைத்தான் திறக்கிறது.

இந்தக் கேலி நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் நடுவானில் மோதி 67 பேர் இறந்தார்கள். மறுநாளே, உடல்களை ஆற்றிலிருந்து எடுத்து முடிப்பதற்குள், அதிபர் டிரம்ப் பன்முகத்தன்மை நியமனங்கள்மீது பழியைப் போட்டார். ஆதாரம் கேட்டதற்குப் பொது அறிவு என்றார். பின்னால் வெளிவந்தது என்ன? அன்றிரவு அந்தக் கோபுரத்தில் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு பணியிடங்களை ஒருவரே சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பினத்தவரைச் சேர்த்தது யார் என்று கேட்டவர்கள், போதுமான ஆளைப் போடாதது யார் என்று கேட்கவில்லை.

விமான விபத்துகளின் வரலாற்றைப் படித்தால் தகுதிவாதிகளுக்குத்தான் சங்கடம். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனி. ஓடுபாதையில் இன்னொரு ஜம்போ நிற்கும்போதே, புறப்பட அனுமதி கிடைக்காமல் கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியது. 583 பேர் இறந்தார்கள். அந்த விமானி கத்துக்குட்டி இல்லை. அந்த நிறுவனத்தின் மிக மூத்த கேப்டன்களில் ஒருவர். முன்னால் இருக்கும் விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். கீழே இருப்பவர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான், இளையவர் சந்தேகத்தை உரக்கச் சொல்லவும் மூத்தவர் அதைக் கேட்கவும் தனியாகப் பயிற்சி தர வேண்டும் என்று விமானத் துறை உணர்ந்தது. பெரியவர் முன் பேசாதே என்கிற பழக்கம் ஆளைக் கொல்லும் என்று அவர்கள் 583 உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். நமக்கு அதைச் சொல்ல ஐகாவோ தேவையில்லை.

எங்கள் வகுப்பில் அந்தத் தங்கைக்கு உண்மையில் கஷ்டமாக இருப்பதும் இதுதான். ஆங்கிலம் வந்துவிடும், கட்டளை போடும் தொனி வர மறுக்கிறது. பண்ணைக்காரர் வீட்டு வாசலில் குரல் தாழ்த்தி நின்ற தலைமுறைகளிலிருந்து வருகிறவள். கட்டுப்பாட்டாளரோ கெஞ்ச முடியாது. "திரும்பு", "இறங்கு", "நில்" என்று சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் இருபது வருட அனுபவம் உள்ள கேப்டனாக இருந்தாலும் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். அங்கே யாரும் யாருடைய குடும்பப் பெயரையும் கேட்பதில்லை. நிறுவனத்தின் பெயரும் ஓர் எண்ணும்தான் அழைப்பு. இந்த நாட்டில் சாதி கேட்காமல் ஓர் ஆணை கேட்கப்படும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

வீராணம் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்தால் விமானம் போகும். அதனோடு பேசிக்கொண்டிருப்பவர் சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டாளர். எங்கள் ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள். விமானம் ஏறாத ஆள் உள்ள வீடு இங்கே அரிது. அத்தாவைக் கூப்பிட சென்னைக்கும் திருச்சிக்கும் வேன் பிடித்துப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கண்ணாடிக்கு உள்ளே, அதுவும் அத்தனை உயரக் கோபுரத்தில், ஒரு வேலை இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டிரைவர் விசா பற்றிச் சொல்ல ஊரில் நூறு பேர் உண்டு.

எனக்குத் தெரிந்தபோது வயது 27. அறிவிப்பில் வயது வரம்பு 27 என்று இருந்தது. முடிந்தது என்று மூடிவைத்துவிட்டேன். ஓபிசிக்கு மூன்று வருடத் தளர்வு உண்டு என்பதும், லப்பை, ராவுத்தர், மரைக்காயர் எல்லாம் தமிழ்நாட்டுக்கான ஒன்றிய ஓபிசி பட்டியலில் இருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியாது. கையில் இருந்தது மாநில அரசின் பிசிஎம் சான்றிதழ். மாநிலத்தில் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு அது போதும். ஒன்றிய அரசு வேலைக்குத் தனிப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற ஓபிசி சான்று வேண்டும். இது தெரிந்தபோது எனக்கு 31. இயற்பியலில் ஆய்வு செய்கிறவனுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டால், வெட்கத்தோடு, தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆள்சேர்ப்பில் 309 இடங்கள். தகுதி, இயற்பியலும் கணிதமும் உள்ள முழுநேர பி.எஸ்சி. அல்லது எந்தப் பிரிவிலும் பொறியியல் பட்டம். ஏதாவது ஒரு செமஸ்டரில் இயற்பியலும் கணிதமும் பாடமாக இருந்திருந்தால் போதும். சிவில் படித்தவரும் மெக்கானிக்கல் படித்தவரும் தாங்கள் தகுதியானவர்கள் என்றே அறியாமல் இருக்கிறார்கள். ஆங்கிலம் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஒரு பாடமாகத் தேறியிருந்தால் போதும். தமிழ்வழியில் படித்தது தடையில்லை. தேர்வு 120 கேள்வி, இரண்டு மணி நேரம், பாதி கணிதமும் இயற்பியலும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. இதைத் தெரியாமல் விடைகளை வெறுமையாக விட்டுவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்களைப் போன்ற ஓபிசி ஆண்களுக்கு 1000 ரூபாய். எஸ்சி, எஸ்டிக்கு வயதுத் தளர்வு ஐந்து வருடம்.

அதே அறிவிப்பை இன்னொரு கண்ணாலும் படிக்க வேண்டும். 309இல் ஓபிசிக்கு 72. 27 விழுக்காடு என்று பெருக்கினால் 83 வரும். எஸ்சிக்கு 55, எஸ்டிக்கு 27. இவை விழுக்காட்டுக்கு மேல். ரோஸ்டர், நிலுவைப் பணியிடம் என்று இதற்கெல்லாம் ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கும் வேலையை நம் அமைப்புகளின் இளைஞர்கள் எடுத்துக்கொள்ளலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரம், மங்களூரு போன்ற நிலையங்கள் அதானி குழுமத்திடம் போய்விட்டன. 2021இல் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தின் பட்டியலில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை நிலையங்களும் இருக்கின்றன. தனியார் கைக்குப் போன இடத்தில் இட ஒதுக்கீடு இல்லை. ஆனால் அந்த நிலையங்களிலும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு மட்டும் ஆணையத்திடமே இருக்கிறது. ஒரு தனியார் நிலையத்தில் சமூக நீதி தங்கியிருக்கும் உச்சிமாடி அந்தக் கோபுரம். அதையும் ஒரு நாள் கேட்பார்கள். கேட்கும்போது அங்கே நம் ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

தாட்கோ விமான நிலைய வாடிக்கையாளர் சேவை போன்ற பயிற்சிகளை நடத்துகிறது. நல்லது, நடக்கட்டும். ஆனால் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு விமானத்துறை என்றால் பெட்டியை வாங்குவதும் சிரித்து வரவேற்பதும் என்று நாமே எல்லை போடக் கூடாது. 'நான் முதல்வன்' திட்டத்தின் போட்டித் தேர்வுப் பிரிவில் ஏடிசிக்கும் உண்டு உறைவிடப் பயிற்சி வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் இறுதியாண்டு மாணவருக்கு ஒருமுறை, ஒரே ஒருமுறை, இந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரல் தேர்வுக்கு ஆங்கிலப் பேராசிரியர்கள் மாதம் இரண்டு மணி நேரம் தந்தால் எந்தத் தனியார் மையத்துக்கும் யாரும் கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை.

இது ஒன்றும் இந்த மண்ணுக்குப் புதிதான கோரிக்கை இல்லை. சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது, இவர்களுக்கு எதற்குப் படிப்பு என்றுதான் ஊர் கேட்டது. காட்டுமன்னார்கோயில்காரரான எல். இளையபெருமாள் தலைமையிலான குழு 1969இல் தந்த அறிக்கை, கருவறைக்குள் போக யாருக்குத் தகுதி என்ற கேள்வியை நாட்டின் முன் வைத்தது. 1970இல் கலைஞர் கொண்டுவந்த அர்ச்சகர் சட்டத் திருத்தத்துக்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம். கருவறையானாலும் கட்டுப்பாட்டுக் கோபுரமானாலும் கதவில் நிற்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

நான்காவது வாரம் ஐகாவோ எண் பட்டியலை அச்செடுத்து அந்தத் தங்கையிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "அண்ணா, அப்ப நான் சொன்னதுதானே சரி?" என்றாள். அன்றைக்கு மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கற்பனை விமானம் ஒன்றை 'ட்ரீ டௌசண்ட்' அடிக்கு இறங்கச் சொன்னாள். கீழே தெருவில் போனவர் நின்று பார்த்தார். இன்னும் உரக்கச் சொல் என்றோம். சொன்னாள்.

அடுத்த அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். அறிவிப்பு வந்த பிறகு தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடினால் தேதி தவறிவிடும். ஒன்றிய அரசுப் படிவத்தில் சாதிச் சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள்.